துண்டுத் துணிக்கு வந்த மவுசு

தையற்காரர் கடையில் பொழுது சாய்ந்ததும் கூட்டிப் பெருக்கினால் ஒரு முறம் துணி கிடைக்கும். ஜாக்கெட்டின் கை வளைவில் விழுந்த பிறைத் துண்டு, பேண்டின் நீளத்தைக் குறைத்தபோது கழன்ற வளையம், காலர் வெட்டியதில் மிஞ்சிய முக்கோணம். துணி கொடுத்தவர் இந்த மிச்சத்தைக் கேட்டு வாங்கிப் போவது அபூர்வம்.

ஒரு சின்னக் கடைக்கே ஒரு முறம் என்றால், பெங்களூரின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் எவ்வளவு விழும்?

அங்கே துணியைப் பல அடுக்குகளாக நீண்ட மேஜையில் விரித்து, மேலே வரைபடத் தாளை வைத்து, மின்சாரக் கத்தியால் ஒரே மூச்சில் அறுக்கிறார்கள். எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக வரைந்தாலும் இடைவெளி விழாமல் இராது. மனித உடம்பு வளைவுகளால் ஆனது, துணியோ நாலு பக்கமும் நேர்கோடு. பத்து மீட்டர் துணியில் ஒரு மீட்டர், சில உடைகளுக்கு ஒன்றரை மீட்டர்கூடத் துண்டாகப் போகிறது என்பது தொழிலில் புழங்கும் கணக்கு.

இந்தத் துண்டுகள் எல்லாம் ஒரே இடத்துக்குப் போவதில்லை. பனியன் துணி "பனியன் வேஸ்ட்" என்ற பெயரில் லாரி ஷெட்டுக்கும் இயந்திரப் பட்டறைக்கும் எண்ணெய் துடைக்கப் போகிறது. ஓரளவு பெரிய துண்டுகள் கட்பீஸ் வியாபாரியிடம் போகின்றன. நைந்ததும் பொடிந்ததும் தலையணை, மெத்தைக்குள் அடைபடும். இன்னொரு பகுதியைக் கிழித்துப் பஞ்சாக்கி மறுபடி நூலாக நூற்கிறார்கள். அரியானா மாநிலத்தில் பானிபட் நகரம் இந்தத் தொழிலுக்கே பேர்போனது. உலகமெல்லாம் உடுத்திக் கழித்த கம்பளி உடைகள் அங்கே வந்து மலிவு விலைப் போர்வையாக மாறிப் போகின்றன.

இத்தனைக்கும் நடுவில், நல்ல துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்து, வீட்டிலேயே பை, பர்ஸ், கண்ணாடி உறை, தலைமுடி ரப்பர்பேண்ட், டிபன் பை, கைபிடித்துணி என்று தைத்து விற்கும் பெண்களும் இருக்கிறார்கள். "வேஸ்ட் துணியில் செய்தது" என்று சொன்னால் முகம் சுளித்த காலம் போய், அதைச் சொல்லியே விலை கூட்டி விற்கும் காலம் வந்துவிட்டது. வாங்குபவருக்கு மவுசு. கடைக்காரருக்கு லாபம். தைப்பவருக்கு என்ன என்பதுதான் பார்க்க வேண்டிய சங்கதி.

பின்னி மில் காலம் முதல்

பெங்களூர்த் தமிழருக்கும் துணிக்கும் உள்ள உறவு நேற்று வந்ததல்ல. பெங்களூர் உல்லன், காட்டன் அண்ட் சில்க் மில் 1884-ல் தொடங்கியது. இந்த நீண்ட பெயரைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. "பின்னி மில்" என்றால் உடனே விளங்கும். மல்லேஸ்வரம் பக்கம் ராஜா மில், மாகடி ரோடு பக்கம் மினர்வா மில். இந்த ஆலைகளின் சங்கு ஊதிய காலத்தில் வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், தர்மபுரிப் பக்கத்திலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்கள் எத்தனையோ. காட்டன்பேட்டையிலும் ஸ்ரீராம்புரத்திலும் மூன்று தலைமுறையாக வாழ்கிறவர்கள் வீட்டில் யாராவது ஒரு தாத்தா "பின்னியில் இருந்தவர்" என்று சொல்லப்படுவார்.

ஆலைகள் போய்விட்டன. ராஜா மில் இருந்த இடத்தில் இன்று பெரிய வணிக வளாகம் நிற்கிறது. ஆலையில் ஆண்கள் அதிகம். ஆலைக்குப் பின் வந்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் பெண்களே அதிகம். பீன்யா, மைசூர் ரோடு, பொம்மனஹள்ளி என்று ஷிப்டு முடிகிற நேரத்தில் சாலையை நிறைத்துக்கொண்டு நடந்து போகும் பெண்களைப் பார்க்காதவர் இருக்க முடியாது.

இவர்களுடைய பலம் 2016-ஆம் ஆண்டு ஏப்ரலில் நாடு முழுவதும் தெரிந்தது. வருங்கால வைப்பு நிதியில் முதலாளி செலுத்திய பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதியை மாற்றியிருந்தது. ஏப்ரல் 18, 19 தேதிகளில் பல்லாயிரக்கணக்கான தையல் தொழிலாளிகள் பெங்களூர்ச் சாலைகளில் இறங்கினார்கள். ஓசூர் ரோடு நின்று போயிற்று. 19-ஆம் தேதியே அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. 58 வயது வரை யார் மெஷினில் உட்கார்ந்திருக்கப் போகிறார்கள் என்பதே அந்தப் பெண்களின் கேள்வி. முதுகு வலி, கண் மங்கல், பிள்ளைப்பேறு, மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று ஏதாவது ஒரு காரணத்தால் நடுவயதுக்கு முன்பே வேலையை விட்டு நிற்பவர்கள் ஏராளம்.

அப்படி நின்றவர்களின் கையில் தொழில் இருக்கிறது. வீட்டில் ஒரு கால்மிதி மெஷினும் இருக்கும். துண்டுத் துணித் தையலுக்கு இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் கிடைக்க மாட்டார்கள்.

பாட்டி இடுப்பில் இருந்த பை

துண்டுத் துணியில் பை தைப்பதை வெளிநாட்டு நாகரிகம் என்று நினைப்பவர்கள் தம் பாட்டியின் இடுப்பை நினைத்துப் பார்க்க வேண்டும். சுருக்குப்பை எதில் தைக்கப்பட்டது? ஜாக்கெட்டு வெட்டிய மிச்சத்தில்தான். வெற்றிலைக்கு ஒரு அறை, பாக்குக்கு ஒன்று, சில்லறைக்கு ஒன்று. வாயில் மடித்துத் தைத்த நாடாக் குழல். இருபுறமும் கயிற்றை இழுத்தால் வாய் மூடும், விரலை விட்டு விரித்தால் திறக்கும். ஜிப் இல்லை, பட்டன் இல்லை. ரிப்பேர் என்றால் கயிறு மாற்றினால் போதும். இன்று கடைகளில் "பவுச்" என்று விற்கப்படுவதன் தாய் இதுவே.

கர்நாடகத்துக்கும் இதில் பழைய பெருமை உண்டு. வட கர்நாடக கிராமங்களில் பழைய சேலை, வேட்டிகளை அடுக்கடுக்காக வைத்து, மேலே வண்ணத் துண்டுகளைப் பதித்து, நெருங்கிய ஓட்டுத் தையல் போட்டுச் செய்யும் போர்வைக்குக் "கௌதி" என்று பெயர்.

உத்தர கன்னட மாவட்டத்தில் ஹளியாள், எல்லாபுரம், முண்டகோடு வட்டாரங்களில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். அந்தப் பெண்கள் தைக்கும் போர்வையில் ஒரு விசேஷம் உண்டு. நடுவிலிருந்து தொடங்காமல் ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றித் தைத்து மையத்தில் வந்து முடிப்பார்கள். நாலு மூலையிலும் மடித்த துண்டுகளால் "பூ" வைப்பார்கள். பூ இல்லாத போர்வை துணி உடுத்தாத உடம்பு போல என்பது அவர்கள் எண்ணம்.

பல்லாரி, விஜயநகரம் பக்கத்து லம்பாடிப் பெண்களின் வேலை இன்னும் பிரபலம். கண்ணாடித் துண்டும் சோழியும் ஒட்டுத் துணியும் சேர்ந்த சண்டூர் லம்பாடிப் பின்னலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. 2023 ஜூலையில் ஹம்பியில் ஜி-20 கூட்டம் நடந்தபோது, 450-க்கும் மேற்பட்ட லம்பாடிப் பெண்கள் செய்த 1,755 பொருட்களை ஒரே இடத்தில் வைத்துக் காட்டினார்கள். அது கின்னஸ் சாதனையாகப் பதிவாயிற்று.

எந்தத் துணி எதற்கு?

துண்டு கிடைத்துவிட்டது என்று உடனே கத்தரியை எடுப்பவர் பாதி வேலையில் தலையில் கை வைப்பார். முதலில் இனம் பிரிக்க வேண்டும்.

பருத்தியா, பாலியஸ்டரா என்று தெரியாவிட்டால் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினால் போதும். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டி மணியாகும். இரண்டையும் ஒரே பையில் அக்கம்பக்கமாகத் தைத்தால் முதல் சலவையிலேயே பருத்தி சுருங்கும், பாலியஸ்டர் சுருங்காது, பை கோணிக்கொள்ளும். அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் எந்தத் துண்டையும் தண்ணீரில் ஊற வைத்து, அலசி, இஸ்திரி போட்ட பிறகே வெட்டுவார்கள். சிவப்பு, கருநீலம் இரண்டையும் தனித்தனியாக ஊறவைத்துச் சாயம் விடுகிறதா என்று பார்ப்பது மிக அவசியம். ஒரு சிவப்புத் துண்டு பத்துப் பைகளைக் கெடுத்துவிடும்.

அடுத்தது துணியின் போக்கு. கரைக்கு இணையாகப் போகும் பாவு நூல் இழுத்தால் நீளாது. குறுக்கே போகும் ஊடை சற்று நெகிழும். மூலைவாட்டில், அதாவது ஜாக்கெட்டுக்குக் "கிராஸ் கட்டிங்" வெட்டுகிற திசையில், நன்றாக நீளும். பையின் கைப்பிடியைப் பாவுத் திசையில்தான் வெட்ட வேண்டும். கிராஸில் வெட்டிய கைப்பிடி இரண்டு கிலோ உருளைக்கிழங்கைத் தூக்கியதும் முழங்காலுக்கு இறங்கிவிடும். பைப்பிங் கொடுக்க மட்டும் கிராஸ் துணி. அது வளைவில் சுருக்கம் விழாமல் படியும்.

பழைய உடைகளில் எது எங்கே பலமாக இருக்கும் என்பதும் ஒரு கலை. சேலையின் உடல் நைந்தாலும் கரை நைவதில்லை. அதைக் கைப்பிடிக்கும் பை வாய்க்கும் வைக்கலாம். சட்டையில் பெரிய துண்டு முதுகுப்புறம். முன்பக்கத்துப் பட்டன் பட்டையை அப்படியே விட்டு வெட்டினால், தலையணை உறைக்கோ பைக்கோ திறப்பு ஆயிற்று, காஜா எடுக்கும் வேலையே இல்லை. ஜீன்ஸ் பேண்டு முழங்காலில் கிழிந்திருக்கும், தொடைப் பகுதியும் பின் பாக்கெட்டும் கல்லுப்போல இருக்கும். பாக்கெட்டோடு சேர்த்து வெட்டினால் பைக்கு வெளி அறை தயார். கம்பி ஒடிந்த குடையின் துணியைத் தூக்கி எறியக்கூடாது. டிபன் பைக்கு உள்துணியாக வைத்தால் சாம்பார் கசிந்தாலும் வெளியே வராது. ஆபீசுக்கு டிபன் கொண்டு போகும் நண்பர்கள் இதன் அருமையை அறிவார்கள்.

பழைய பட்டுச் சேலை மட்டும் ஆளை ஏமாற்றும். பார்க்கப் பளபளப்பாக இருக்கும். மடிப்பு விழுந்த இடத்தில் நூல் செத்திருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அந்த இடம் கோடாகத் தெரியும். பட்டில் பர்ஸ் தைப்பதானால் அடியில் பருத்தித் துணி கொடுத்து, இரண்டையும் சேர்த்துத் தைத்த பிறகே வெட்ட வேண்டும்.

தையலில் சில நுணுக்கங்கள்

சாதாரணப் பருத்திக்கு 14-ஆம் நம்பர் ஊசி. ஜீன்ஸுக்கு 16. மெல்லிய பட்டுக்கு 11. ஒரே ஊசியில் எல்லாவற்றையும் தைப்பதால்தான் நூல் அறுந்து பெண்கள் மெஷினைத் திட்டுகிறார்கள். தவறு மெஷினுடையது அல்ல.

ஒரு அங்குலக் கைப்பிடிக்கு நாலு அங்குல அகலத் துண்டு வேண்டும். இரண்டு ஓரங்களையும் நடுவுக்கு மடித்து, மறுபடி இரண்டாக மடித்தால் நாலு மடிப்பு. இரு ஓரமும் தையல். பையோடு சேரும் இடத்தில் ஒரு சதுரம் போட்டு, அதற்குள் பெருக்கல் குறி போலத் தைத்தால் பை கிழிந்தாலும் கைப்பிடி கழலாது.

ஓவர்லாக் மெஷின் இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். முதலில் துணியின் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி வைத்து ஒரு தையல், ஓரத்தை ஒட்ட நறுக்கி, உள்ளே திருப்பி மறுபடி ஒரு தையல். பிசிறு முழுவதும் உள்ளே அடைபட்டுவிடும். இரட்டை வேலைதான். ஆனால் வாங்குபவர் பையைத் திருப்பிப் பார்க்கும்போது அவர் முகம் மலர்வதும் இதனால்தான்.

சிறு துண்டுகளை ஒட்டும்போது ஒவ்வொரு ஜோடியாகத் தைத்து நூலை அறுத்துக்கொண்டிருந்தால் நேரமும் போகும், நூலும் போகும். ஒரு ஜோடி முடிந்ததும் அறுக்காமல் அடுத்த ஜோடியை ஊசிக்கடியில் விட்டுக்கொண்டே போகலாம். கடைசியில் பூமாலை போலச் சரமாக வரும். பிறகு மொத்தமாக நறுக்கிக்கொள்ளலாம். ஆடைத் தொழிற்சாலையில் இருந்தவர்களுக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை.

மஞ்சப்பையும் போலித் துணிப்பையும்

இந்தத் தொழிலுக்குக் கை கொடுத்தது பிளாஸ்டிக் தடை. கர்நாடக அரசு 2016 மார்ச்சில் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதி தடை வந்தது. 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" என்ற இயக்கத்தையே தமிழக அரசு தொடங்கியது. 2022 ஜூலை முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பல பிளாஸ்டிக் பொருட்களுக்கு நாடெங்கும் தடை.

காலத்தின் கோலத்தைப் பாருங்கள். மஞ்சப்பையோடு ரயிலை விட்டு இறங்கினால் "பட்டிக்காட்டான்" என்று சிரித்த நகரம் இது. இப்போது அதே பையை மாட்டிக்கொண்டு பெரிய அங்காடிக்குப் போவது நாகரிகம்!

ஆனால் இதில் ஒரு பித்தலாட்டம் நடக்கிறது. ஜவுளிக்கடையிலும் மளிகைக்கடையிலும் துணி மாதிரியே தோன்றும் பைகளைக் கொடுக்கிறார்கள். மெல்லிய புள்ளி அழுத்தம் போட்டது போல இருக்கும். நூலே இருக்காது. "நான்-ஓவன்" என்று பெயர். அது துணி அல்ல, பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். தீக்குச்சி காட்டினால் உருகிச் சொட்டும். இதையும் 2021-ல் மத்திய அரசு பிளாஸ்டிக் விதிக்குள் கொண்டுவந்து, சதுர மீட்டருக்கு 60 கிராமுக்குக் குறைந்த எடையில் செய்யக்கூடாது என்று சொன்னது. நெய்த துணிப் பைக்கு உண்மையான போட்டி இந்தப் போலிதான். விலையில் அதோடு மோத முடியாது. உழைப்பில்தான் மோத முடியும். துண்டுத் துணிப் பை வருடக்கணக்கில் வரும்.

வெள்ளம் தந்த பொம்மைகள்

துண்டுத் துணிக்கு மதிப்பு எப்படி வருகிறது என்பதற்குப் பக்கத்து ஊர்களிலேயே இரண்டு சாட்சிகள் உண்டு.

2004 டிசம்பர் 26-ல் கடல் பொங்கியபின், புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் உபாசனா என்ற ஆடை வடிவமைப்பு நிலையம் மீனவப் பெண்களுக்குத் துண்டுத் துணியில் விரலளவு பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. "சுனாமிகா" என்று பெயர். இந்தப் பொம்மைக்கு விலை கிடையாது. அன்பளிப்பாகத் தரப்படும். பெற்றவர்கள் விரும்பியதைக் கொடுக்கலாம். அப்படி வந்த பணத்திலேயே பெண்களுக்குக் கூலி போயிற்று. பல நாடுகளுக்கு லட்சக்கணக்கில் சென்றது.

கேரளத்தில் 2018 ஆகஸ்டு வெள்ளம் எர்ணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலம் நெசவாளர்களின் தறியோடு, ஓணத்துக்கென்று நெய்து வைத்திருந்த சேலைகளையும் சேற்றில் முக்கியது. கறை போகவில்லை. எரித்துவிடலாம் என்ற நிலை. அப்போது தன்னார்வலர்கள் அந்தச் சேலைகளை வாங்கிக் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்து, துண்டு துண்டாக வெட்டி "சேக்குட்டி" என்ற பொம்மை ஆக்கினார்கள். சுமார் 1,300 ரூபாய் பெறும் ஒரு சேலையில் 360 பொம்மை. ஒன்று 25 ரூபாய். ஆக 9,000 ரூபாய். கறையை மறைக்கவில்லை. கறைதான் பொம்மையின் பெருமை. பணம் நெசவாளர்களுக்குப் போனது.

அயல்நாட்டுச் சமாசாரம் ஒன்றும் உண்டு. சுவிட்சர்லாந்தில் ஜூரிக் நகரத்தில் 1993-ல் பிரைடாக் என்ற சகோதரர்கள் இருவர் லாரியின் பழைய தார்ப்பாயை வெட்டித் தோள்பை தைத்தார்கள். ஓரத்துக்குச் சைக்கிள் டியூப், வாருக்குக் கார் சீட் பெல்ட். இன்று அந்தப் பைகள் நம் ஊர்க் குமாஸ்தாவின் மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கை விழுங்கக்கூடிய விலைக்கு விற்கின்றன. ஒன்று போல் இன்னொன்று இராது என்பதே அவர்களுடைய விளம்பரம்.

கணக்கில் வராத நேரம்

இனி தைப்பவரின் கணக்குக்கு வருவோம்.

வீட்டில் உட்கார்ந்து தைக்கும் பெண்ணுக்குப் பெரும்பாலும் பீஸ் ரேட்தான். ஒரு பைக்குக் கூலி 10 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். தையல் வேலை மட்டும் பார்த்தால் கால் மணி நேரம். எட்டு மணி நேரத்தில் 32 பை. 320 ரூபாய். பரவாயில்லையே என்று தோன்றும்.

இங்கேதான் ஏமாற்றம். தொழிற்சாலையில் வெட்டி, எண்ணி, கட்டிக் கொடுத்த துண்டு மெஷினுக்கு வரும். துண்டுத் துணித் தையலில் அப்படி இல்லை. மூட்டையைக் கொட்டி இனம் பிரிக்க வேண்டும், அலச வேண்டும், உலர்த்த வேண்டும், இஸ்திரி போட வேண்டும், நிறம் சேர்த்துப் பார்க்க வேண்டும், வெட்டி ஒட்ட வேண்டும். ஒரு பைக்கு இதற்கெல்லாம் 25 நிமிடம் என்று வைத்தால், பை ஒன்றுக்கு மொத்தம் 40 நிமிடம். எட்டு மணி நேரத்தில் 12 பைதான் ஆகும். 120 ரூபாய். அதில் நூல், ஊசி, கரண்ட், மெஷின் எண்ணெய் எல்லாம் கழிய வேண்டும்.

வியாபாரி கூலி கொடுப்பது தையலுக்கு. வேலையில் பாதிக்கு மேல் தையலுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. அந்தப் பாதியை அநேகமாக வீட்டில் இருக்கும் பிள்ளைகளும் பாட்டியும் சேர்ந்து செய்துவிடுவதால் யாரும் எண்ணுவதில்லை. "வேஸ்ட் துணிதானே, சும்மா கிடைத்ததுதானே" என்று பேரம் பேசுகிற வாடிக்கையாளரும் இதையே மறக்கிறார். துணி சும்மா கிடைத்திருக்கலாம். அதைத் துணியாக்கிய நேரம் சும்மா கிடைக்கவில்லை.

அகமதாபாத் காட்டிய வழி

இந்தச் சண்டை ஐம்பது வருடங்களுக்கு முன்பே ஓர் ஊரில் நடந்திருக்கிறது. அகமதாபாத்திலும் ஆலைகள் நிறைய இருந்தன. ஆலையில் விழும் துண்டுத் துணிக்கு அங்கே "சிந்தி" என்று பெயர். தரியாப்பூர்ப் பகுதியில் முஸ்லிம் பெண்கள் வியாபாரியிடம் சிந்தியை வாங்கி, வீட்டிலேயே ஒட்டுத் தைத்து, மெத்தை உறையாகத் திருப்பிக் கொடுப்பார்கள். துணியும் அவர் கையில், விலையும் அவர் கையில்.

இலா பட் அம்மையார் 1972-ல் தொடங்கிய "சேவா" சங்கம் இந்தப் பெண்களைத் திரட்டியது. அந்தச் சங்கத்தைப் பதிவு செய்வதற்கே அப்போது பெரும்பாடு. முதலாளி யார் என்று சொல்ல முடியாதவர்களுக்குத் தொழிற்சங்கம் எதற்கு என்று அதிகாரிகள் கேட்டார்களாம். சிந்திப் பெண்கள் கூலி உயர்வு கேட்டதும் வியாபாரிகள் துணி கொடுப்பதை நிறுத்தினார்கள். அடுப்பு எரியாத நிலை. சங்கம் பின்வாங்கவில்லை. நேரே ஆலையில் பேசிச் சிந்தியை மொத்தமாக வாங்கியது. பெண்கள் தைத்தார்கள், சங்கமே விற்றது. பின்னர் அது "சபீனா" என்ற கூட்டுறவுச் சங்கம் ஆயிற்று.

அகமதாபாத்துப் பெண்கள் தையலை மாற்றவில்லை. துண்டு வரும் வழியை மாற்றினார்கள். பெங்களூரிலும் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. தனியாக ஒருத்தி போய் நின்றால் தொழிற்சாலைக் காவலாளி கேட்டைத் திறக்க மாட்டார். பத்துப் பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து, மொத்தமாக எடுத்துக்கொள்கிறோம் என்று பேசினால் பேச்சு நடக்கும். மூட்டையைப் பிரிக்கும் வேலையை ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்து முடிக்கலாம். தனித்தனியாகச் செய்தால் ஆளுக்கு இரண்டு நாள் போகும்.

வீட்டிலிருந்து உழைப்பவர்களுக்கென்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-ல் 177-ஆம் எண் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. இந்தியா அதை ஏற்றுக் கையெழுத்திடவில்லை. ஆகவே சட்டத்தை நம்பி இருப்பதைவிடச் சங்கத்தை நம்புவது மேல்.

விற்கும் இடம்

கையில் உள்ள வசதிகளையும் விடக்கூடாது. 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் தையலும் ஒன்று. பயிற்சி நாட்களுக்கு 500 ரூபாய் உதவித்தொகை, கருவி வாங்க 15,000 ரூபாய், 5 சதவீத வட்டியில் இரண்டு தவணையாக 3 லட்சம் வரை கடன் என்று அறிவித்தார்கள். ரயில்வே 2022 மார்ச்சில் "ஒரு நிலையம், ஒரு பொருள்" என்ற பெயரில் ஸ்டேஷன்களில் உள்ளூர்க் கைவினைப் பொருட்களுக்குக் கடை கொடுக்கத் தொடங்கியது. ரயில் ஏறப் போகிறவருக்குப் பை தேவைப்படாத நாள் உண்டா?

கடைக்காரர்களிடம் போனால் ஒரே பதில் வரும். "இதே மாதிரி நூறு வேண்டும்." துண்டுத் துணியில் ஒரே மாதிரி நூறு எப்படி வரும்? கெட்டிக்காரப் பெண்கள் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். அளவு ஒன்று, வெட்டும் அட்டை ஒன்று, கைப்பிடியும் உள்துணியும் எல்லாவற்றுக்கும் ஒரே நிறம். அதற்கு மட்டும் முழுத் துணி வாங்குகிறார்கள். நடு உடல் மட்டும் விதவிதமாக வரும். நூறும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் போலத் தோன்றும். கடைக்காரரும் தலையாட்டி விடுகிறார்.

பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதம் டிபன் பைக்கும் புத்தகப் பைக்கும் நல்ல கிராக்கி. மே மாதம் கையில் சரக்கு இருக்க வேண்டுமானால் பொங்கலுக்குப் பிறகே துண்டு சேர்க்கத் தொடங்க வேண்டும். மழை வந்துவிட்டால் அலசிய துணி காய இரண்டு நாள் கூடுதலாகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.